பிள்ளைத்தமிழ்ப் பருவ வைப்பும் குழவி வளர்ச்சியும்

முன்னுரை

முதற் குழவியை எதிர்நோக்கும் கணவனும் மனைவியும் கற்க வேண்டுவன பல. குழவி எப்பொழுது தலை நிமிர்க்கும், எப்பொழுது அமரும், எப்பொழுது அடியெடுத்து வைக்கும் என்பன அவற்றுள் முதன்மையானவை. முற்காலத்தில் இவ்வறிவைப் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டு மூதாட்டியும் வழங்கினர். இக்காலத்தில் கருவுற்ற மகளிர்க்கு அரசு வழங்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலேயே குழந்தையின் வளர்ச்சிக் குறிகள் மாத வரிசையில் அச்சிடப்பெற்றுள்ளன. பெற்றோர் ஆகப்போகின்றவர்கள் குழவி பிறக்கு முன்னரே அதனைப் படித்து விடுகின்றனர்.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், தம் மனைவியின் பேறுகாலம் நெருங்கிய நிலையில், அவ்வட்டையை எம்மிடம் காட்டி, “ஐயா, பாட்டியல் கூறும் பிள்ளைத்தமிழ் மாதக் கணக்கும் இவ்வட்டையின் கணக்கும் ஒத்து வருமா? ஒவ்வாவிடின் எதனை நம்புவது?” என்று வினவினார். வினா எளியதுபோல் தோன்றினும் விடை எளிதன்று. பிள்ளைத்தமிழைச் சொல்லழகு நோக்கியும் அணிநலம் நோக்கியும் ஆராய்ந்தார் பலர். அது குழவி வளர்ச்சியை எவ்வளவு உண்மையாகக் கண்டு கூறுகின்றது என்பதனை வரலாற்று முறையில் வைத்து நோக்குதலும் வேண்டும். அந்நோக்கமே இக்கட்டுரையைத் தோற்றுவித்தது.

பருவங்களும் மாதங்களும்

பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை உடையது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கு உரிய இறுதி மூன்று. பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன வரும். குழவியின் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் ஒவ்வொரு பருவமாக அமைத்துப் பாடுதல் வேண்டும் என்பது பாட்டியல் நூல்களிற் பெரும்பான்மையும் காணப்படும் வழக்கு. அதன்படி காப்பு 3, செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15 ஆம் மாதங்களுக்கு உரியனவாகும்.

இஃது ஒன்றே மரபு அன்று. காப்பை இரண்டாம் மாதத்திற்கும், தாலை எட்டாம் மாதத்திற்கும், வருகையை ஆண்டு நிறைவிற்கும், அம்புலியைப் பதினெட்டாம் மாதத்திற்கும் உரியனவாக வைத்து, இறுதி விளையாட்டுப் பருவங்களை இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லும் மரபும் உண்டு. சிற்றில், சிறுபறை ஆகிய இரண்டனுள் எது முன், எது பின் என்பதிலும் நூல்கள் தம்முள் மாறுபடும். அவ்வாறாயின், மாதக் கணக்கு வழுவாத விதி என்று இலக்கண நூலாரே கருதினாரல்லர் என்பது பெறப்படும். மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றை எண்களாகவே அடுக்கிச் செல்வதும் கண்டறிந்த உண்மையைக் காட்டிலும் வைப்பு முறையின் அழகையே நினைவூட்டுகின்றது. இயற்கை இத்துணை ஒழுங்காக இரண்டிரண்டு மாதங்களாக எண்ணி நடப்பதன்று.

எனின், பருவ வைப்பு முற்றும் கற்பனையோ? அன்று. இவ்விடத்திலேயே பெரியாழ்வாரின் பாடல்கள் நமக்குத் துணை செய்கின்றன.

பெரியாழ்வார் காட்டும் வரிசை

குழவியைப் பாடும் மரபிற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலே வித்திட்டுள்ளது. எனினும் குழவியின் வளர்ச்சியைப் படிப்படியாகத் தொடர்ந்து பாடிய பெருமை பெரியாழ்வாரையே சாரும். பிற்காலப் பாட்டியல் வரையறைகள் தோன்று முன்னரே பாடியவர் ஆதலின், அவருடைய வைப்பு முறை தனித்து நோக்கற்பாலது. அவர் கண்ணன் பிறந்த மகிழ்ச்சியிற் தொடங்கி, குழவியின் அடி முதல் முடி வரை கண்டு களித்து, பின்னர்த் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என முறையே பாடிச் செல்கின்றார். அதன்பின் ஓடிவந்து அணைத்தல், முதுகுப்புறத்தே வந்து புல்குதல், அச்சங்காட்டி விளையாடுதல் ஆகியன தொடர்கின்றன. முலையுண்ண அழைத்தலும் காது குத்துதலும் நீராட்டலும் தனித்தனியே இடம் பெறுகின்றன.

பிள்ளைத்தமிழ் வரிசையையும் இதனையும் ஒப்பிடுவோம். பிள்ளைத்தமிழில் செங்கீரைக்குப் பின் வரும் தால், பெரியாழ்வாரிடத்து அதற்கு முன் வருகின்றது. பிள்ளைத்தமிழில் வருகைக்குப் பின் வரும் அம்புலி, இவரிடத்துச் செங்கீரைக்கும் முன்னதாகின்றது. ஆயின் செங்கீரை, சப்பாணி, நடை என்னும் மூன்றும் தம்முள் முறை மாறவில்லை. பெரியாழ்வார்க்குப் பின், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழிலும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் இம்மூன்றும் இம்முறையிலேயே நிற்கின்றன.

இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்தது அன்று என்பது எமது கருத்து. பருவங்களை இரு கூறாகப் பகுத்துக் காணின் உண்மை விளங்கும். செங்கீரை, சப்பாணி, வருகை ஆகியன குழவி தன் உடலாற் செய்யும் செயல்கள். தால், அம்புலி ஆகியன தாய் குழவியை நோக்கிச் செய்யும் செயல்கள். முத்தம் அவள் குழவியிடம் வேண்டுவது. தாயின் செயலைப் புலவன் எங்கும் வைக்கலாம்; பிறந்த அன்றே தாலாட்டும் பாடலாம், இடுப்பில் ஏந்திய குழவிக்கு நிலவையும் காட்டலாம். குழவியின் உடற்செயலையோ அவ்வாறு இடம் மாற்ற இயலாது. நடந்த பின்னர்த் தவழக் கற்கும் குழவியைப் பாடினால் கேட்கும் மகளிர் நகைப்பர். எனவே, மாதம் புலவர் மரபிற்கு உரியது. உடற்செயலின் வரிசை இயற்கைக்கு உரியது. பிள்ளைத்தமிழில் இவ்விரண்டும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன.

உடற்செயல் மூன்றும் இக்கால ஆராய்ச்சியும்

உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி, அவர்தம் உடலியக்க வளர்ச்சி பற்றிய முடிவுகளை 2006 இல் வெளியிட்டது. பற்றுக்கோடின்றி அமர்தல் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 வரையிலும், தனித்து நடத்தல் 8.2 முதல் 17.6 வரையிலும் நிகழக்கூடும் என்று அவ்வாராய்ச்சி கண்டது. 100க்கு ஏறத்தாழ 90 குழந்தைகள் ஐந்து செயல்களைப் பொதுவானதொரு வரிசையிலேயே அடைந்தன. 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

இம்முடிவுகளின் ஒளியில் முதலிற் செங்கீரையை நோக்குவோம். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைதல் செங்கீரை என்பர். காற்றில் அசையும் கீரைச் செடியோடு இப்பெயரை இயைப்பாரும், ‘கீர்’ என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு மழலை பயில்வதைக் குறித்தது என்பாரும் உளர். அசைவே பொருளாயின், ஐந்தாம் மாதம் சற்று முற்பட்டதே. கவிழ்ந்து கிடக்கும் குழவி கைகளை நேராக ஊன்றி மார்பை உயர்த்துதல் ஆறாம் மாத அளவில் எதிர்பார்க்கப்படுவது. காலை மடக்கி எழும் நிலை அதற்கும் பிற்பட்டது. ஈண்டுப் பாட்டியலின் மாதம் இயற்கையினும் விரைந்து செல்கின்றது.

சப்பாணியோ வியக்கத்தக்க பொருத்தம் உடையது. சப்பணமிட்டு அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல் சப்பாணி. புதிதாக அமரக் கற்கும் குழவி கைகளை நிலத்தில் ஊன்றியே அமரும். கையை எடுத்தாற் சாயும். முதுகு உரம் பெற்று, ஊன்றுதல் வேண்டாத நிலை வந்த பின்னரே இரு கைகளும் விடுதலை பெற்று ஒன்றையொன்று நாடும். ஆகவே சப்பாணி கொட்டுதல் என்பது கையின் செயல் மட்டும் அன்று. முதுகு வலுப்பெற்றமையின் அடையாளமும் ஆம். தனித்து அமர்தலின் மேலெல்லை 9.2 மாதம் என ஆராய்ச்சி கூறப் பாட்டியல் ஒன்பதாம் மாதத்தைச் சுட்டுகின்றது. அமர்தலும் கொட்டுதலும் ஒரு பெயருள் அடங்குமாறு பருவம் வகுத்தவர், குழவியை அருகிருந்து கண்டவர் சொற்கேட்டே வகுத்தனர் எனக் கொள்ளுதல் சாலும்.

வருகைக்குப் பாட்டியல் வழங்கும் மாதம் 13. பிறிதொரு மரபின்படி ஆண்டு நிறைவு. தனித்து நடத்தலின் சராசரி ஏறத்தாழ 12 மாதம். இதனினும் நெருங்கிய ஒற்றுமை வேண்டுவதில்லை. ஆயினும் சராசரி என்பது எல்லை அன்று என்பதனை மறத்தலாகாது. எட்டாம் மாத இறுதியில் நடக்கும் குழவியும், பதினேழாம் மாதத்தில் நடக்கும் குழவியும் அவ்வாராய்ச்சி வகுத்த எல்லைக்குள் நிற்பனவே.

தாயின் செயல் மூன்றும்

இனி, தால், முத்தம், அம்புலி ஆகியவற்றை நோக்குவோம். தால் என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவை அசைத்துப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று. பிறந்தது முதற் பாடப்படும் தாலாட்டை ஏழாம் மாதத்தில் வைத்தது ஏன் என்ற ஐயம் எழும். அது தாலாட்டுத் தொடங்கும் மாதம் ஆதல் இயலாது. தாயின் நாவசைவைக் கேட்டுக் குழவி தானும் அசைகளை அடுக்கி ஒலிக்கும் பருவம் அதனை ஒட்டி வருதலின், அங்கு வைத்தனர் போலும். ஆயின் இதற்குச் சான்று பாட்டியலில் இன்மையின் துணிபாகக் கூறுகின்றிலேம்.

முத்தப் பருவம் பதினோராம் மாதத்தது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிக் குறிப் பட்டியலில், அணைத்தும் முத்தமிட்டும் அன்பு காட்டுதல் பதினைந்தாம் மாதத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒரு குறியைக் குறித்த மாதத்தில் 100க்கு 75 குழந்தைகளேனும் செய்ய வல்லனவாதல் வேண்டும் என்பது அப்பட்டியலின் அளவுகோல். அத்திருத்தத்தின்போது தவழ்தல் என்னும் குறி நீக்கப்பட்டமையும் ஈண்டு நினையத் தகும். முத்தம் தரும் ஆற்றல் வருமுன்னரே தாய் முத்தம் வேண்டுகின்றாள் என்பது இவ்விரு மாதங்களையும் ஒப்பிடுவார்க்குப் புலனாகும்.

அம்புலிப் பருவம் புலவர்க்குப் புலி என்பர். சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு வகையாலும் நிலவை விளையாட அழைத்தல் வேண்டுதலின் அதன் அருமை மிகுதி. ஆயின் குழவி வளர்ச்சி நோக்கிற் காணின் அதன் பெருமை பிறிதொன்று. தாய் ஒரு விரலால் வானத்தைச் சுட்டுகின்றாள். குழவி விரலை நோக்காது, விரல் காட்டும் பொருளை நோக்குதல் வேண்டும். இருவர் ஒரு பொருளை ஒருங்கே நோக்குதல் என்னும் இவ்வாற்றல் மொழி கற்றலுக்கு அடிப்படை என்று உளநூலார் கூறுவர். பெயர் சொன்ன அளவில் பழகிய பொருளை நோக்குதலைப் பதினைந்தாம் மாதத்திலும், தான் கண்டு வியந்த பொருளைப் பிறர்க்குச் சுட்டிக் காட்டுதலைப் பதினெட்டாம் மாதத்திலும் மேற்கூறிய பட்டியல் வைக்கின்றது. அம்புலிக்குப் பாட்டியல் மரபுகள் இரண்டும் தரும் மாதங்களும் இவையே. இவ்வொற்றுமையை அறிவியல் முன்னுணர்வு எனக் கொண்டாடுதல் வேண்டா. நிலாக் காட்டிய தாயர் குழவியின் கண் சென்ற வழியைக் கண்டிருந்தனர் என்று சொல்லின் அதுவே போதும்.

கண்டவர் யார்?

பிள்ளைத்தமிழ் பாடியோர் பெரும்பாலும் ஆடவர். மீனாட்சியம்மையைத் தாய்மொழியாற் பாடிய குமரகுருபரரோ துறவி. குழவியை மடியிற் கிடத்தி வளர்த்த பட்டறிவு அவர்க்கு இல்லை. ஆகவே அவர் பாடிய நுட்பங்கள் மகளிர் வாய்மொழியிலிருந்து பெறப்பட்டனவாதல் வேண்டும். அம்மகளிரின் பெயர் எந்நூலிலும் இல்லை. அவர்தம் தாலாட்டுகளும் அண்மைக் காலம் வரை ஏட்டில் ஏறவில்லை.

மேலைநாட்டு வரலாறும் இவ்வகையில் வேறன்று. செருமானிய அறிஞர் தீடமன் தம் மகனின் வளர்ச்சியைக் குறித்து வைத்து 1787 இல் வெளியிட்டார். 1839 திசம்பர் 27 இல் பிறந்த தம் முதல் மகனைச் சார்லசு தார்வின் நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகள் 1877 இல் கட்டுரையாக வெளிவந்தன. முதல் வாரத்திலேயே தும்மலும் விக்கலும் கொட்டாவியும் உறிஞ்சுதலும் செவ்வனே நிகழ்ந்ததையும், 45 ஆம் நாளில் உண்மையான புன்முறுவல் தோன்றியதையும் அவர் பதிந்துள்ளார். முதற் குழவியைக் கையில் ஏந்திய தந்தை ஒருவர், தாம் கற்றறிந்த நோக்கு முறையைத் தம் இல்லத்திலேயே பயன்படுத்தியமை போற்றத்தக்கது. ஆயினும் அது ஒரு குழவியின் வரலாறே. 1911 இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிலையம் தொடங்கிய ஆர்னால்டு கெசல், பல குழந்தைகளை நோக்கி மாதந்தோறும் அளவுகள் வகுத்தார். அவை பெரும்பாலும் ஒரு நகரத்துக் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை. ஆயினும் அவ்வளவுகள் நாடு கடந்து பரவின. பெற்றோர் பலர் சராசரியை விதியாகக் கருதினர். பாட்டியலின் ஒற்றை மாத அடுக்கிற்கு நேர்ந்ததும் இதுவே என்க.

பிள்ளைத்தமிழ் கூறாதன

பிள்ளைத்தமிழ் கூறாது விட்டனவும் பல. முதல் இரு மாதங்கள் அதில் இல்லை. தார்வின் கண்ட புன்முறுவலுக்குத் தனிப் பருவம் இல்லை. உறங்காத இரவும் ஓயாத அழுகையும் இல்லை. பாட்டுடைத் தலைவன் தெய்வமோ அரசனோ ஆதலின், காலந்தாழ்த்து நடந்த குழவியும் நோயுற்ற குழவியும் அங்கு இடம் பெறுதல் அரிது. காப்புப் பருவம் மட்டும் குழவியின் உயிர்க்குத் தெய்வங்களைக் காவல் வேண்டி நிற்கின்றது. குழவி பிழைத்தலே அரிதாயிருந்த காலத்தின் அச்சம் அப்பருவத்தில் உறைந்து கிடக்கின்றது எனலாம்.

இவ்வகையிலும் பெரியாழ்வார் ஒருபடி மேற்செல்கின்றார். குழவி தொட்டிலிற் கிடப்பின் அது கிழியுமாறு உதைப்பதும், இடுப்பில் எடுப்பின் இடை நோவச் செய்வதும், மார்போடு அணைப்பின் வயிற்றின்மேற் பாய்வதும் கண்டு, வலியின்றித் தான் மெலிந்ததாக யசோதை தோழியிடம் முறையிடுகின்றாள். குழவியின் வளர்ச்சியோடு தாயின் தளர்ச்சியும் ஒருங்கே பாடப்படும் இடம் இது. பெற்றோர் ஆகப்போகின்றவர்கள் வளர்ச்சிக் குறிகளைக் கற்பதோடு இதனையும் கற்றல் வேண்டும். குழவியை வளர்ப்பவள் களைத்துப் போவது அவள் குறையன்று.

வியங்கோளின் பொருள்

இறுதியாக, சொல்லிலக்கணம் பற்றிய ஒன்றை நோக்குவோம். பருவப் பாடல்களின் முடிபு பெரும்பாலும் வேண்டுகோளாக அமைவது. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக என்னும் பொருள்பட அவை முடியும். வளர்ச்சி அட்டையின் முடிபோ ‘அமரும்’, ‘நடக்கும்’ என நிற்பது. முன்னது அழைப்பு, பின்னது கூற்று. அழைப்புக்குக் குழவி உடனே இசையாவிடினும் அழைப்புப் பிழையாவதில்லை. தாய் மீண்டும் அழைக்கின்றாள். ஒரு பருவத்திற் பத்துப் பாடலும் அவ்வாறே அழைக்கின்றாள். கூற்றோ, குறித்த மாதத்திற் செயல் நிகழாவிடின் பெற்றோர் உள்ளத்தில் ஐயத்தை விளைவிக்கின்றது.

ஆயின் அவ்வையத்தை வெறுத்து ஒதுக்குதலும் தவறு. பிள்ளைத்தமிழ் அழைக்க மட்டுமே அறியும். எவ்வளவு காலம் காத்திருத்தல் தகும் என்பதனை அது சொல்லாது. பதினெட்டு மாதம் கடந்தும் நடவாத குழவியை, ‘நம் குடும்பத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் நடந்தனர்’ என்று மருத்துவரிடம் காட்டாது வைத்திருத்தல் பெருந்தீங்காக முடியலாம். எல்லையை அளந்து தந்தது இக்கால ஆராய்ச்சியின் கொடை. அதனைப் பழம்பாடலில் தேடுதல் பாடலுக்கும் நன்றன்று, குழவிக்கும் நன்றன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பிள்ளைத்தமிழின் மாதக் கணக்கு இலக்கண மரபால் வந்தது என்பதும், செங்கீரை, சப்பாணி, வருகை என்னும் உடற்செயல் வரிசை கண்டறிந்த உண்மை என்பதும், தால், முத்தம், அம்புலி ஆகியன தாயின் அழைப்புகளாதலின் இடம் பெயரத் தக்கன என்பதும் போதரும். எம் மாணவரின் வினாவிற்கு யாம் கூறிய விடையும் இதுவே: வரிசைக்கு இரண்டையும் நம்புக, மாதத்திற்கு இரண்டையும் நெகிழ்ச்சியோடு கொள்க, எல்லைக்கு மருத்துவரை நம்புக, அழைப்பதற்குப் பாடலை நம்புக.

அவருக்கு மகள் பிறந்தாள். ஒன்பதாம் மாதம் கடந்தும் அவள் தவழவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தாயும் தந்தையும் கவலையுற்றனர். மருத்துவர் குழவியை நோக்கி, அவள் நன்கு அமர்வதையும் பற்றிக்கொண்டு எழ முயல்வதையும் கண்டு, அஞ்ச வேண்டுவதில்லை என்றார். அக்குழவி பின்னரும் தவழவே இல்லை. சுவரைப் பற்றி எழுந்து, பதினான்காம் மாதத்தில் நடந்தாள். செங்கீரை ஆடாமலே வருகைக்கு வந்த அப்பெண்மகவைப் பற்றித் தந்தை எமக்கு எழுதிய மடலில், தாம் அழைத்ததும் அவள் வந்தாள் என்று மட்டும் குறித்திருந்தார்; மாதம் குறித்திலர். மாதத்தை யாம் பின்னரே கேட்டறிந்தோம்.